பச்சை போடும் உரிமை

அந்தப் பக்கத்தை முதன்முதலில் திறந்த அன்று, அது எங்கே முடிகிறது என்று பார்க்க மவுஸின் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருந்தேன். முடிகிற மாதிரித் தெரியவில்லை. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு டிக் போடலாம், அல்லது போடாமல் விடலாம். இடது பக்கம் பார்க்க, சேர்க்க, திருத்த, அழிக்க, ஸ்டேட்டஸ் மாற்ற என்று வேலைகள் வரிசையாக இறங்கின. மேலே மேனேஜர், மேஸ்திரி, ஸ்டோர், பாதுகாப்பு என்று ஆட்களின் வகைகள். எந்த வகை ஆள் எந்த வேலையைச் செய்யலாம் என்பதை அந்தக் கட்டங்கள் தீர்மானித்தன. அதாவது, அந்தக் கட்டங்களில் டிக் போடுகிற நான் தீர்மானித்தேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி வீடு. கம்ப்யூட்டரில் டிப்ளமா முடித்துவிட்டு, எண்ணெய் டேங்குகளைச் சுத்தம் செய்து பழுது பார்க்கிற ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குள் எங்கள் சைட். ஆபீஸ் என்பது ஒரு பழைய கப்பல் கன்டெய்னர். அதில் ஜன்னல் வெட்டி, ஏ.சி. மாட்டி, மூன்று மேஜை போட்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேங்குகள். ஒவ்வொன்றும் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கை விட அகலம்.

அதுவரை எங்கள் சைட்டில் எல்லாமே ரிஜிஸ்தரும் ஃபேக்ஸும்தான். இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில் எல்லாரும் இன்டர்நெட்டுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஹெட் ஆபீஸும் பிரவுசரில் திறக்கிற ஒரு மென்பொருளை வாங்கிவிட்டது. எல்லா சைட்டுகளின் வேலைப் பட்டியலும், வரைபடமும், தினசரி நிலவரமும் அதற்குள் போக வேண்டும். ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு அட்மின். கீபோர்டைப் பார்க்காமல் டைப் அடிக்கத் தெரிந்தவள் எங்கள் சைட்டில் நான் ஒருத்திதான் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. ஹெட் ஆபீஸிலிருந்து போனில் அரை நாள் சொல்லிக்கொடுத்தார்கள். மீதியை நீயே பார்த்துக்கொள் என்றுவிட்டார்கள்.

முதல் நாள் எல்லாருக்கும் எல்லா டிக்கும் போட்டேன். சாயங்காலத்துக்குள் எங்கள் ஸ்டோர் கீப்பர் ஒரு வரியை அழிக்கப் போய் ஒரு டேங்கின் மொத்த வேலைப் பட்டியலையும் அழித்துவிட்டார். மறுநாள் பயந்துபோய் எல்லாவற்றையும் மூடினேன். காலையில் சைட் மேனேஜர் தன் கம்ப்யூட்டரைத் திறந்து, கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, என் சைட்டயே காணோமே!"

அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, கடையில் உட்காரப் பிடிக்காமல் இன்ஜினியரிங் படித்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக சைட்டுக்கு வருவார். கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அன்று தாழவில்லை, சிரித்துவிட்டார்.

அடுத்த நாட்களில் மெல்ல மெல்லப் புரிந்தது. ஒரே ஆள் இரண்டு குழுக்களில் இருந்தால், இரண்டு குழுக்களின் உரிமைகளும் அவருக்குச் சேர்ந்துவிடும். ஒரு பக்கம் மூடினால் போதாது. இன்னொரு பக்கமாக வந்துவிடுவார். இதைச் சரிபார்க்க நான் ஒரு பொய் ஆளை உருவாக்கினேன். அந்தப் பெயரில் உள்ளே நுழைந்து, ஒருநாள் அவனை ஸ்டோர் கீப்பர் ஆக்கிப் பார்ப்பேன். மறுநாள் மேஸ்திரி ஆக்குவேன். வெளியே ஒரே டேங்க்தான் நின்றுகொண்டிருந்தது. ஆனால் ஸ்டோர் கீப்பருக்கு அது கையுறையும் போல்ட்டும் கேஸ்கெட்டுமாகத் தெரிந்தது. ஹெட் ஆபீஸுக்கு அது ஒரு தேதி, ஒரு சதவீதம், அவ்வளவுதான். நான் ஒரு டிக்கை எடுத்தால் ஒருவருக்கு டேங்கின் ஒரு பாகமே இல்லாமல் போனது. திரும்பப் போட்டால் வந்தது. மதிய சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு எடுப்பதும் போடுவதுமாக இருந்திருக்கிறேன். இத்தனை பெரிய பொருளை ஒரு கட்டத்தால் மறைக்கவும் காட்டவும் முடிகிறதே என்று இருந்தது.

அந்த வாரம் ஒருநாள் சாப்பிடும்போது அம்மா கேட்டது. அம்மா ஒரு பாங்கில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்டி இன்னாடி வேல அது? சோறு எறங்காம யோசிச்சிக்கினு கீற?"

"யாரு எத்த பாக்கலாம், யாரு எத்த தொடலாம்னு சொல்ற வேலம்மா."

அம்மா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. என்னையே பார்த்தது.

"யாரு எத்த தொடலாம்னு... அத்த நீயா சொல்ற?"

"ஆமா."

"மேனேஜருக்குமா?"

"அவருக்கும்தான்."

அம்மா சிரிக்க ஆரம்பித்தது. சத்தமே வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. பக்கத்து அறையில் படுத்திருந்த அப்பாவைக் கூப்பிட்டு, "கேட்டியா, உம் பொண்ணு சொல்றத" என்றது. சுவரில் நீலக் கோட்டுப் பையில் பேனாவோடு இருக்கிற தலைவரின் படம், அதற்குப் பக்கத்தில் புத்தர் படம். அம்மா ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் அந்த வாக்கியத்துக்கு என்ன கனம் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. அதுவரை அதை ஒரு கம்ப்யூட்டர் வேலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒரு சார்ட் பேப்பர் வாங்கினேன். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு எடுத்துக்கொண்டு ஆபீஸை விட்டு வெளியே வந்தேன். நானே ஊகித்து டிக் போடுவதை விட, ஒவ்வொரு ஆளாகப் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு. "உங்களுக்கு எதைப் பார்க்கணும்? எதை மாத்தணும்?" இவ்வளவுதான் கேள்வி. பாதிப் பேர் "எல்லாம் வேணும்" என்றார்கள். பாதிப் பேர் "ஒண்ணும் வேணாம்" என்றார்கள்.

கேஸ் டெஸ்ட் பார்க்கிற அண்ணன் மட்டும் வேறு மாதிரிப் பதில் சொன்னார்.

அவர் எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் பிள்ளைகள் படிப்புக்கென்று மாதச் சம்பளத்துக்கு வந்தவர். ஒல்லியான ஆள். ஒரு மஞ்சள் மீட்டரை வாரோடு மார்பில் தொங்கவிட்டுக்கொண்டிருப்பார். காலியான டேங்குக்குள் ஆட்கள் இறங்கிச் சேற்றை வாருவதற்கு முன்னால், உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்கிறதா, விஷவாயு இருக்கிறதா என்று அந்த மீட்டரால் பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. அவர் சரி என்று சொல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. விதி அப்படி.

என் கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்தார்.

"இதுக்கு முன்னால இன்னா பண்ணுவாங்க தெரியுமா தங்கச்சி? திங்கக்கெழம காலீல பேப்பர் எடுத்தாருவாங்க. ஒண்ணு இல்ல, ஏழு. ஒரு வாரத்துக்கும் சேத்து கையெழுத்து போடுன்னுவாங்க. பொதங்கெழம டேங்குல இன்னா இருக்கும்னு திங்கக்கெழம எனக்கு எப்டி தெரியும்?"

"போட்டீங்களாண்ணா?"

"போட்டேன்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒண்ணியும் ஆவல. ஆனா அந்த ஏழு நாளும் நைட்டு தூக்கம் வராது."

சார்ட் பேப்பரை அவர் பக்கம் திருப்பினேன். அவர் விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டார்.

"எனக்கு நீ ஒண்ணியும் காட்ட வேணாம். ஒரே ஒரு டிக்கு குடு. கேஸ் டெஸ்ட் ஓகேன்னு ஒண்ணு. அத்த நான் மட்டுந்தான் போடணும். அன்னன்னிக்கி போடணும். வேற யாரும் போடக்கூடாது." கொஞ்சம் யோசித்து, "நீ கூட" என்றார்.

பிறகு என்னை டேங்குக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். ஆள் இறங்குகிற ஓட்டையான மேன்ஹோலின் வாயில் மீட்டரைப் பிடித்தால் போதாது. மீட்டரில் ஒரு நீளமான ரப்பர் குழாயை மாட்டி, உள்ளே விட்டு, மேலே ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, அடியில் ஒரு தடவை பார்க்க வேண்டும். கனமான வாயு அடியில் படுத்திருக்கும். வாயில் நல்ல காற்று இருக்கும், அடியில் சாவு இருக்கும். அவர் குழாயை இறக்கும்போது முகத்தில் எந்த அசைவும் இல்லை. கண் மட்டும் எண்ணில் நின்றது.

அந்த ஒரு டிக்கை அமைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு டேங்குக்கும் தினமும் காலையில் ஒரு புதிய வரி. அது பிறக்கும்போதே சிவப்பு. கேஸ் டெஸ்டர் டிக் போட்டால் பச்சை. எழுத நாலு வாக்கியம்தான். ஆனால் என் பொய் ஆளை மேனேஜர் ஆக்கி உள்ளே நுழைந்து பார்த்தால், அவனாலும் பச்சை போட முடிந்தது. எப்படி என்று தேடினேன். மேனேஜர் "சைட் ஊழியர்" குழுவிலும் இருந்தார். அந்தக் குழுவுக்கு எல்லா வரிகளையும் திருத்தும் உரிமை இருந்தது. அதை மூடினால் டெஸ்டராலேயே போட முடியவில்லை, ஏனென்றால் அவரும் சைட் ஊழியர்தான். கடைசியில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் தனியாகப் பிரித்து, அதற்கென்று ஒரு குழு உண்டாக்கி, அந்தக் குழுவில் ஒரே ஒருவரை வைத்தேன். பொய் ஆளை ஒவ்வொரு வகையாக மாற்றி மாற்றி நுழைந்தேன். எல்லாருக்கும் அந்தக் கட்டம் சாம்பல் நிறத்தில் நின்றது, அழுத்தினால் அசையவில்லை.

பிறகு என் பெயர். அட்மின் குழுவையும் அந்தக் கட்டத்திலிருந்து எடுத்தேன். எடுக்கும்போது ஒரு கணம் கை நின்றது. அந்த மென்பொருளில் என்னால் முடியாத ஒரு காரியத்தை நானே உண்டாக்குகிறேன். எடுத்துவிட்டு, அதை அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் அண்ணனிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"நான் நினைச்சா திரும்பத் திறக்க முடியும்ண்ணா. அட்மினை அப்படித்தான் வெச்சிருக்காங்க. ஆனா திறந்தா, யாரு திறந்தாங்க, எத்தனை மணிக்குன்னு அதுல பதிஞ்சிடும். அதை என்னாலயும் அழிக்க முடியாது."

அவர் கேட்டுக்கொண்டார். "செரி" என்றார். "அப்போ நீ நெனைக்காத."

அது நன்றாகவே நடந்தது. காலை ஏழரைக்கு அவர் டேங்கில் பார்த்துவிட்டு ஆபீஸுக்கு நடந்து வருவார். ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தன் பாஸ்வேர்டை அடிப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். டிக். டேங்கடியிலிருந்து மேஸ்திரி போன் பண்ணுவார்: "பச்சையா மேடம்?" நான் "பச்சை மேஸ்திரி" என்பேன். பதினோரு பேர் உள்ளே இறங்குவார்கள்.

ஐப்பசி மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்ததில் சைட்டுக்குப் போகிற வழியில் சடையங்குப்பம் தண்ணீரில் நின்றது. நான்காம் நாள் காலையில் மழை விட்டிருந்தது, ஆனால் ரோடு இல்லை. நான் டோல்கேட்டில் பஸ் மாறி, சுற்றிச் சுற்றி எப்படியோ வந்து சேர்ந்தேன். ஆட்கள் சைட்டிலேயே ஷெட்டில் தங்குகிறவர்கள் என்பதால் தயாராக இருந்தார்கள். எண்ணூர்ப் பக்கமிருந்து வர வேண்டிய டெஸ்டர் மட்டும் வரவில்லை. அவர் செல்போன் அணைந்திருந்தது.

அந்த டேங்கை மறுநாள் தொழிற்சாலைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே மழையில் நாட்கள் போயிருந்தன. ஹெட் ஆபீஸிலிருந்து ஒன்பது மணிக்குள் மேனேஜருக்கு மூன்று போன். அவர் தானே லாக்கரைத் திறந்து மீட்டரை எடுத்துக்கொண்டு டேங்குக்குப் போனார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"நான் பாத்துட்டேன். கேஸ் இல்ல. ஆக்ஸிஜன் சரியா இருக்கு. பச்சை போடும்மா."

"என்னால போட முடியாது சார்."

"நீ அட்மின்லா?"

"என் பேர்ல அந்த உரிமை இல்ல சார்."

"உரிமையைக் கொடுக்கது யாரு? நீதானே?" குரல் தாழ்ந்துவிட்டது. "அவன் வரட்டும், வந்து அவனே ஒருதடவ பாத்துக்கிடட்டும். இப்ப நீ போடு. நான் படிச்சவன், மீட்டர் பாக்கத் தெரியாதா எனக்கு?"

நாலு கிளிக். அவ்வளவுதான் தூரம். எனக்கு அது நன்றாகத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் பொய் சொல்லுகிற ஆளும் இல்லை. மவுஸின் மேல் என் கை இருந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது வேலை போய்விடும் என்பதல்ல, ரப்பர் குழாய்தான்.

"அடியில பாத்தீங்களா சார்?"

அவர் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தார்.

"குழாய் விட்டு, அடியில?"

"மேன்ஹோல்ல பாத்தேன்" என்றார். பிறகு, "குழாய் ஸ்டோர்ல இருக்கு. ஸ்டோர் கீப்பர் வரல" என்றார்.

நான் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

நான் எழுந்து அவர் பின்னாலேயே போனேன். டேங்கடியில் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே பதினோரு பேரும் வாளிகளோடு குந்தியிருந்தார்கள். முன்னால் மேஸ்திரி. அவர் புளியந்தோப்புக்காரர், கட்டையான உடம்பு, தலைமுடி பாதிக்கு மேல் நரைத்தவர்.

"நான் டெஸ்ட் பண்ணிட்டேன் மேஸ்திரி" என்றார் மேனேஜர். "இறங்குங்க."

மேஸ்திரி எழுந்து நின்றார். மரியாதையாகத்தான் நின்றார்.

"பச்சை வந்துச்சா சார்?"

"நான் சொல்லுதேன்லா."

"இல்ல சார், பச்சை வந்துச்சான்னு கேட்டேன்." மேனேஜருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். "மேடம், வந்துச்சா?"

நான் இல்லை என்று தலையசைத்தேன்.

மேஸ்திரி திரும்பவும் உட்கார்ந்துகொண்டார். அவர் உட்கார்ந்ததும், எழப் பார்த்த இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அங்கேயே நின்றேன். அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட அந்தத் திரையை ஒருநாளும் பார்த்தவர் இல்லை. அது எந்த நிறத்தில் இருக்கும், எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. போனில் என் குரல் சொல்லுகிற ஒரு வார்த்தைதான் அவர்களுக்குத் தெரியும். அது வரவில்லை என்பதற்காக, படித்த மேனேஜர் எதிரே நிற்க, அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து நான் போட்டதும் எடுத்ததுமான டிக்குகள் இங்கே வந்து இப்படி நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்குப் பயம்தான், ஆனால் பயம் மட்டும் இல்லை.

பதினொன்றரைக்கு டெஸ்டர் வந்தார். இடுப்பு வரை நனைந்திருந்தார். நெட்டுக்குப்பத்திலிருந்து கிடைத்த வண்டியில் ஏறி இறங்கி, சடையங்குப்பத்துத் தண்ணீரில் பாதித் தூரம் நடந்தே வந்திருக்கிறார். பேண்ட் பையில் இருந்த செல்போன் செத்துப்போயிருந்தது.

"இன்னா, எல்லாரும் குந்திக்கினு கீறீங்க?"

"உன்னியதாம்ப்பா பாத்துக்கினு கீறோம்" என்றார் மேஸ்திரி.

ஸ்டோர் பூட்டை உடைத்துக் குழாயை எடுத்தார்கள். டெஸ்டர் அதை மீட்டரில் மாட்டி இறக்கினார். மேலே. நடுவில். அடியில். மேனேஜர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். எல்லாருடைய கண்ணும் மீட்டரில். அடியில் ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"கிளீனா கீது சார்" என்றார்.

மேனேஜர் சொன்னது சரிதான். டேங்கில் ஒன்றுமே இல்லை. "நான்தான் சொன்னேன்லா" என்று அவர் யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போய்விட்டார். டெஸ்டர் ஈரக் காலோடு ஆபீஸுக்கு வந்து தன் ஒற்றை விரலால் பாஸ்வேர்டை அடித்தார். பச்சை. நாலு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. டேங்கை நாங்கள் ஒரு நாள் தாமதமாகத்தான் கொடுத்தோம்.

ஒரு வாரம் மேனேஜர் என்னோடு பேசவில்லை. காகிதத்தை மேஜையில் வைப்பார், போவார். எட்டாம் நாள் தன் மேஜைக்குக் கூப்பிட்டார். ஹெட் ஆபீஸிலிருந்து மெயில் வந்திருந்தது. எங்கள் சைட்டின் சிவப்பு, பச்சை ஏற்பாட்டை மற்ற சைட்டுகளுக்கும் கொண்டுபோகிறோம், கேஸ் டெஸ்ட் அனுமதியை எல்லா சைட்டிலும் மேனேஜருக்கும் கொடுத்துவிடலாமா, அவசரத்துக்கு உதவுமே என்று கேட்டிருந்தார்கள். கீழே அவர் பதில் எழுதியிருந்தார். திரையை என் பக்கம் திருப்பி, "படி" என்றார்.

வேண்டாம் என்று எழுதியிருந்தார். அதற்குப் பதிலாக ஒவ்வொரு சைட்டிலும் இன்னொரு டெஸ்டருக்குப் பயிற்சி கொடுத்து வைக்கும்படி கேட்டிருந்தார். மேனேஜரை அந்தக் குழுவில் சேர்க்கவே கூடாது என்று தனி வரி.

"ஏன் சார்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்னைக்கு நான் குழாய இறக்கலலா" என்றார். "அவசரம்னா எனக்கும் அப்படித்தான்மா புத்தி போகும். வேற சைட்டுல இருக்கவனுக்கும் அப்படித்தான் போகும்."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். தனக்கு வேண்டாம் என்று ஒரு அதிகாரி தானே எழுதிக்கொடுப்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதற்குப் பின்னாலும் அதிகம் பார்த்ததில்லை.

அதே மாதத்தில் ஒருநாள் மதியம் மேஸ்திரி கன்டெய்னர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னால் தயங்கினார். ஷூவைக் கழற்றி, காலுறையில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டு வந்தார்.

"அந்தப் பச்சைய ஒருவாட்டி பாக்கலாமாம்மா?"

காட்டினேன். திரையில் அது ஒரு கட்டைவிரல் நகம் அளவுதான். அவர் குனிந்து பார்த்தார்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் மேஸ்திரி."

"இத்தனூண்டு" என்றார். சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவருக்கு ஒரு லாகின் போட்டுத் தருவதாகச் சொன்னேன். பார்க்க மட்டும், வேறு எதுவும் தெரியாமல், அவருடைய கேங்கின் டேங்க் ஒன்று மட்டும். அவர் யோசித்தார். தானும் அதில் ஒன்று எழுத வேண்டும் என்றார்.

"இன்னா எழுதணும்?"

"உள்ள எத்தினி பேரு கீறாங்கன்னு. அத்த எங்கியும் எழுதறதில்ல. எந்தலையிலதான் வெச்சிக்கினு கீறேன். எனக்கு எதுனா ஆச்சின்னா?"

நான் அதை யோசித்ததே இல்லை. ஹெட் ஆபீஸும் யோசித்ததில்லை. வேலை எத்தனை சதவீதம் என்று கேட்கிற அத்தனை பெரிய மென்பொருளில், டேங்குக்குள் இந்த நிமிஷம் எத்தனை உயிர் இருக்கிறது என்பதற்கு இடமில்லை. அன்று சாயங்காலமே ஒரு கட்டம் சேர்த்தேன். "உள்ளே இருப்பவர்கள்" என்று தமிழிலேயே பெயர் வைத்தேன். எல்லாரும் பார்க்கலாம். மாற்றுவது மேஸ்திரி மட்டும். இந்தத் தடவை என் பெயரை எடுக்கும்போது கை நிற்கவில்லை.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மேனேஜரிடம் கேட்டு டேங்கடி ஷெட்டில் வைத்தோம். மேஸ்திரிக்கு இங்கிலீஷ் எழுத்து வராது, எண் வரும். காலையில் பதினொன்று என்று போடுவார். ஒருவர் வெளியே வந்தால் பத்து. மதியம் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஏறினால் பூஜ்யம். மறுபடி பதினொன்று. சாயங்காலம் ஐந்தரைக்கு மறுபடி பூஜ்யம். ஆபீஸில் என் திரையில் அந்த எண் மாறுவதைப் பார்ப்பேன். வேலை எதுவும் இல்லாவிட்டாலும் அதைத் திறந்து வைத்திருப்பது பழக்கமாகிவிட்டது. மூன்று, நாலு, ஏழு என்று ஏறும்போது ஒவ்வொரு ஆளாக ஏணியில் இறங்குவது கண்ணில் தெரியும். மேனேஜரும் அதைத் திறந்து வைத்திருக்கிறார் என்பது அவர் திரையைத் தற்செயலாகப் பார்த்த ஒருநாள் தெரிந்தது.

ஒருநாள் ஐந்தே முக்கால் ஆகியும் எண் ஒன்றிலேயே நின்றது. ஷெட்டுக்குப் போன் பண்ணினேன், யாரும் எடுக்கவில்லை. ஆறு மணி. ஒன்றுதான். பையைப் போட்டுவிட்டு டேங்குக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். பத்து பேர் வெளியே கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி மட்டும் மேன்ஹோல் வாயில் முழங்காலிட்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேஸ்திரி? என்ன ஆச்சு?"

"ஒண்ணியும் இல்லம்மா. ஒருத்தன் செருப்ப சேத்துல வுட்டுட்டான். தேடிக்கினு கீறான்."

உள்ளேயிருந்து, "கெடச்சிட்ச்சி மாமு!" என்று ஒரு குரல் எதிரொலித்து வந்தது. ஏணியில் காலடிச் சத்தம். தலை, தோள், பிறகு சேறு பூசிய ஒரு கையில் ரப்பர் செருப்பு. ஆள் முழுதாக வெளியே வந்து நின்றதும் மேஸ்திரி அவன் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனார். நானும் போனேன். அவர் கீபோர்டில் பூஜ்யத்தைத் தேடி அழுத்திவிட்டு, எண் மாறிவிட்டதா என்று திரையைப் பார்த்தார்.

"போலாம்மா" என்றார்.